பழைய வீட்டு மராமத்து: மெட்டீரியலோடு கான்ட்ராக்டா, லேபர் மட்டுமா?

வடசென்னை தண்டையார்பேட்டையில் எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் வீடு ஒன்றை வாடகைக்கு விடும் எண்ணத்தில் வாங்கினேன். கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். முதல் முதலீடு. வாங்கும்போதே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் தனியாகப் போய்விடும். வீட்டு விலையையும் ரிப்பேர் செலவையும் மட்டும் கூட்டிப் பார்ப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். மிச்சம் கையில் நிற்கிற பணத்தில்தான் மராமத்து. அங்கே எல்லாரும் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: பொருளோடு சேர்த்து மொத்தமாக கான்ட்ராக்ட் விடுவதா, பொருளை நாமே வாங்கிக் கொடுத்து லேபர் மட்டும் பேசுவதா?

நான் லேபர் பக்கம் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். எனவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மொத்த கான்ட்ராக்டில் நல்லது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அலைச்சல் கிடையாது, வேலை சீக்கிரம் முடியும், சிமென்ட் தீர்ந்துபோச்சு என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வராது. லேபரில் இதெல்லாம் நம் தலையில். பொருள் வரத் தாமதமானால் கொத்தனார் காத்திருக்க மாட்டார், அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். அவரைத் திரும்ப வரவைப்பது பெரும்பாடு. நம் தெருக்களில் இன்னொரு செலவும் உண்டு. மணல் லாரி மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து வாசல் வரைக்கும் மீன்பாடி வண்டி (மூன்று சக்கரத் தட்டு வண்டி) வாடகை, மாடிக்குத் தூக்குக் கூலி, இடித்த கழிவை மூட்டை கட்டி வெளியேற்றும் கூலி. எஸ்டிமேட்டில் இவற்றுக்குத் தனியாக ஒரு தொகை போடாதவர் பாதி வேலையில் திணறுவார்.

பண வித்தியாசம் பெரிதாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மொத்தமாகச் செய்ய எனக்கு வந்த கொட்டேஷன் 14 லட்சம். என் வழியில் கூலி 4.75, பொருள் 6.90, வண்டியும் கழிவும் 0.60, எதிர்பாராத கான்கிரீட் வேலை 0.95. ஆக 13.20 லட்சம். மிச்சம் 80 ஆயிரம். இதற்காக மட்டும் என்றால் மொத்தமாகவே கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் அந்த 95 ஆயிரத்தைப் பாருங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

புது வீடு கட்டும்போது என்ன வேலை என்பது பிளானிலேயே தெரியும். பழைய வீட்டில் இடித்துப் பார்த்தால்தான் தெரியும். வடசென்னையில் அதிலும் ஒரு படி மேல். பக்கத்திலேயே கடல், காற்றில் உப்பு. பல தெருக்களில் போர் தண்ணீரும் உப்பு. அந்தக் காலத்தில் அந்தத் தண்ணீரையே ஊற்றிக் கலவை போட்ட வீடுகளும் இருக்கின்றன. உப்பில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ள சீலிங் பிளந்து சில்லு சில்லாக விழும். வெளியே பார்த்தால் மெல்லிய விரிசல், பெயின்ட் உப்பல், அவ்வளவுதான்.

கொட்டேஷன் கொடுத்தவரிடம், "சீலிங் உடைச்சா உள்ள கம்பி துருப்பிடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அது எக்ஸ்ட்ரா சார். அப்ப பாத்துக்கலாம்."

அப்போது என்றால் எப்போது? பாத்ரூம் இடிந்து கிடக்கும், வயரிங் பிடுங்கியிருக்கும், பாதிப் பணம் அவர் கையில் இருக்கும். அந்த நிலையில் அவர் சொல்வதுதான் ரேட்.

இன்னொன்று அதைவிட மோசம். மொத்தத் தொகைக்கு வேலை எடுத்தவருக்கு, உள்ளே இருக்கும் கோளாறு ஒவ்வொன்றும் செலவு. மேலே பூசி மூடிவிட்டால் அது லாபம். புட்டி வைத்து பெயின்ட் அடித்த சீலிங்கைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் தெரியும், அப்போது கீழே குடியிருப்பவர் நமக்குத்தான் போன் செய்வார். எல்லா கான்ட்ராக்டரும் இப்படி என்று சொல்லவில்லை. கணக்கின் அமைப்பே அவரை அந்தப் பக்கம் இழுக்கிறது என்கிறேன்.

லேபரில் நான் பேசியது அளவுக் கூலி. கொத்திப் பூச சதுர அடிக்கு இவ்வளவு, கம்பி சுத்தம் செய்து கலவை அடைக்க சதுர அடிக்கு இவ்வளவு, டைல்ஸ் பதிக்க இவ்வளவு, எலக்ட்ரிக்கல் பாயிண்டுக்கு இவ்வளவு. சுத்தியல் தொடுவதற்கு முன்பே எல்லாம் எழுதியாயிற்று. அதனால் புதிதாக ஒன்று கிளம்பினால் பேரம் கிடையாது, டேப்பை எடுத்து அளக்க வேண்டியதுதான். இதில் இழுப்பு எதிர்ப்பக்கம்: எவ்வளவு கொத்துகிறாரோ அவ்வளவு கூலி என்பதால் நல்ல இடத்தையும் சேர்த்துக் கொத்தப் பார்ப்பார்கள். அதற்கு வைத்தியம் சாக்பீஸ். நானும் மேஸ்திரியும் ஏணி போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் சீலிங்கை அடி அடியாகத் தட்டினோம். நல்ல இடம் ‘ணங்’ என்றது, உள்ளே பிடிப்பு விட்டுப்போன இடம் ‘பொத்’தென்றது. அந்த இடங்களைச் சுற்றி மட்டும் சாக்பீஸில் வட்டம். "கோட்டைத் தாண்டாதீங்க மேஸ்திரி, தாண்டணும்னா கூப்பிடுங்க." மாலையில் வட்டங்களை அளந்து நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்து. சனிக்கிழமை கூலிக்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

பாத்ரூம் சீலிங்கில் ஒரு கம்பியை விரலால் உரசினேன், பழுப்பு நிறத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அங்கே மேலோடு பூசுவதில் பயனில்லை. கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி, வயர் பிரஷ்ஷால் துருவை எடுத்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கம்பியே இளைத்துப்போன இடத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். எங்கே, எத்தனை என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து சொல்லட்டும், மேஸ்திரி சொல்லக் கூடாது. இன்ஜினியர் பீஸை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்திலும் லேபர் முறை எனக்குக் கை கொடுத்தது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை அனுமதி. எந்தத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று மொத்த கான்ட்ராக்டில் யார் பார்ப்பது? நான் கலவைக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தேன். போர் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும்.

பொருள் வாங்குவதில் பெரிய வித்தை இல்லை. பைப், ஃபிட்டிங்ஸ் மொத்தமாக என்றால் பாரிமுனை செம்புதாஸ் தெரு. சில்லறைக்குத் தெருமுனை ஹார்டுவேர் கடை. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார். பில் மட்டும் எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரில் வாங்குங்கள். பின்னாளில் விற்றால் மேம்பாட்டுச் செலவைக் கழித்துத்தான் லாபத்துக்கு வரி. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இப்போது 12.5 சதவீதம். எது மேம்பாடு, எது வெறும் மராமத்து என்பதை ஆடிட்டர் பிரித்துச் சொல்வார், ஆனால் பில் இல்லாமல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. மொத்த கான்ட்ராக்டில் முறையான பில் கேட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி மேலே ஏறும். "பில் வேணாம்னா கொறச்சுக்கலாம் சார்" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

எந்த முறையானாலும் பட்ஜெட்டை வாடகையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இந்தப் பக்கம் மாடுலர் கிச்சனுக்காக யாரும் கூடுதல் வாடகை தருவதில்லை. தண்ணீர் வருமா, தனி மீட்டரா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரன்ட் இலவசம் இருக்கும்போது பொது மீட்டரில் பங்கு போட யாருக்கும் மனசு வராது. எனவே காசு போக வேண்டிய வரிசை சீலிங், மொட்டை மாடி ஒழுகல், பைப், வயரிங். அப்புறம்தான் டைல்ஸும் பெயின்ட்டும். மாடி வேலையை அக்டோபர் மழைக்கு முன்னால் முடிக்கிற மாதிரி ஆரம்பியுங்கள். எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதமாவது தனியாக இருக்கட்டும், அதை டைல்ஸ் ஷோரூமில் கரைக்காதீர்கள்.

சைட்டுக்கு தினமும் ஒரு நடை வர முடியாதவர்களுக்கு என் வழி சரிவராது. தெற்குக் கோடியில் சிறுசேரியில் வேலை, வீடு வடக்கே திருவொற்றியூரில் என்றால் சாக்பீஸ் வட்டத்தை யார் போடுவது? அவர்கள் மொத்தமாகவே விடலாம். ஆனால் சீலிங், கம்பி வேலையை மட்டும் அந்தத் தொகையிலிருந்து பிரித்து அளவு ரேட்டில் எழுதி வாங்க வேண்டும். ஒப்புக்கொள்கிற கான்ட்ராக்டர் கிடைப்பார் என்றுதான் நினைக்கிறேன், நான் பேசியவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கசாலை, ராயபுரம் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் நான் கை வைத்ததில்லை. தேக்கு உத்தரமும், சுண்ணாம்பில் குத்திட்டு அடுக்கிய செங்கலுமாக இருக்கும் அந்தக் கூரைக்கு நான் முன்னால் சொன்ன கம்பிக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள், கான்ட்ராக்ட் லேபரா மொத்தமா என்பதை அவர் கிடைத்த பிறகு அவரிடமே பேசிக்கொள்ளலாம்.