ஐவரியா, சாம்பல் வெள்ளையா? குன்னூர் வீட்டில் ஒரு இழுபறி

பெயிண்ட் ஷேட் கார்டில் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். வடக்குப் பார்த்த எங்கள் அறைக்கு நான் ஐவரி என்றேன், மகள் சாம்பல் சாயல் உள்ள வெள்ளை என்றாள். “ரெண்டும் ஒரே ரேட்டு சார், சீக்கிரம் சொல்லுங்க” என்றார் பெயிண்டர்.

கார்டை நம்பாமல், இரண்டடி அட்டைகளில் இரண்டு கோட் பெயிண்ட் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்தோம்.

காலையில் மூடுபனி. குன்னூரில் வடக்கு ஜன்னலுக்கு மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரைதான் நேர் வெயில் எட்டிப் பார்க்கும். அதையும் பாதி நாள் மேகம் மறைத்துவிடும். மற்ற மாதங்களில் வருவது நீலம் கலந்த வான்வெளிச்சம் மட்டுமே. அதில் சாம்பல் வெள்ளை, ஓதம் ஏறிய சுவர் மாதிரி தெரிந்தது. புதுச் சுவரே பழசாகிவிட்டது! ஐவரியில் உள்ள துளி மஞ்சள் அந்த நீலத்தை அடக்கியதால், அறை கொஞ்சம் கதகதப்பாகத் தோன்றியது.

வானம் வெளுத்த மதியம் மகள் பக்கம் சாய்ந்தது. மர சீலிங்குக்குச் சாம்பல் வெள்ளை பளிச்சென்று பொருந்தியது. ஜன்னலோர ஐவரியிலோ வெளியே இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் பச்சை படிந்து, எலுமிச்சைச் சாயல் தட்டியது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இரவில் பல்புதான் எஜமான். அதன் கெல்வின் எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள், கூடினால் நீலம். 2700 கெல்வின் பல்பில் ஐவரி மஞ்சள் பால் ஆகிவிடுகிறது, சாம்பல் அழகாகக் கனிகிறது. 6500 கெல்வின் டியூப் லைட்டில் சாம்பல் ஆஸ்பத்திரி வார்டு. 4000 வாங்கினால் இரண்டுமே பிழைக்கும்.

பூஞ்சைக்கு இரண்டும் ஒன்றுதான், கரும்புள்ளி எதிலும் மறையாது. முதலில் ஓதத்தைச் சரிசெய்து, சுவர் காய்ந்தபின் சுவரை மட்டமாக்கும் பட்டி, அடிப்பூச்சான பிரைமர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் வேலையைத் தொடவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச் உத்தமம்.

பகலில் பனிமூட்டத்தோடு நான் உட்காரும் அறை இது. அதனால் இங்கே ஐவரி, 4000 கெல்வின் பல்போடு. மகள் தன் அட்டையைத் தெற்குப் பார்த்த ஹாலுக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். அங்கே வெயில் அடிக்கிறது, அவள் சொல்வதுதான் சரி போலிருக்கிறது.