மாசிப்பட்டத்து மாடித் தோட்டம்: பைக்குள் செம்மண் கலவையா, நார்க்கழிவுக் கலவையா?

பொங்கல் முடிந்த கையோடு மாடித் தோட்டக்காரர்கள் பையும் விதையும் தேடத் தொடங்கிவிடுவார்கள். பையை எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே எதை நிரப்புகிறோம் என்பதில்தான் பங்குனி, சித்திரையில் செடி நிற்பதும் துவள்வதும் இருக்கிறது. போட்டியில் இருப்பவை இரண்டு. ஒன்று பழைய கலவை: செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு, மணல் 1 பங்கு. மற்றது கடைகளில் கோகோபீட் என்று விற்கும் தென்னைநார்க் கழிவை முதன்மையாக வைத்தது: நார்க்கழிவு 5 வாளி, மண்புழு உரம் 3 வாளி, செம்மண் 2 வாளி. தை, மாசியில் நட்டு வெயிலைக் கடக்க வேண்டிய தோட்டம் என்றால் நான் இரண்டாவதைத்தான் வைப்பேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் செம்மண் சும்மா கிடைக்கும், நகரத்தில் மூட்டைக் கணக்கில் காசு. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் 65 முதல் 75 லிட்டர் வரை வரும். மேலே சொன்ன அளவில் அது ஏழு பைக்குப் போதும். மூன்றாவது மாடிக்குப் படியேறிச் சுமப்பவருக்கு எது லேசு என்று சொல்லித் தெரிய வேண்டாம்.

எடை விஷயத்தில் மட்டும் ஒரு கணக்கு போட்டுவிடலாம். 12க்கு 12 அங்குல வட்டப் பையில் மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகு செம்மண் கலவைப் பை 27 கிலோவை ஒட்டி வரும், நார்க்கழிவுப் பை 15, 16 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணய விதி ஐஎஸ் 875 வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. சதுர மீட்டருக்கு நான்கு பை வைத்தால் செம்மண்ணில் 108 கிலோ போய்விடும், அதோடு நாமும் நடக்க வேண்டும். பழைய வீடு என்றால் எந்தக் கலவையாக இருந்தாலும் பைகளைச் சுவர், உத்தரம் ஓடும் வரிசையில் வையுங்கள். தளத்தின் நடுப்பகுதியில் குவிக்க வேண்டாம்.

இனி தண்ணீர். என் முடிவு நிற்பதே இதில்தான்.

வளர்ந்து காய்க்கும் வெண்டையோ கத்தரியோ சித்திரை வெயிலில், மாடிக் காற்றில், ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். வேர் உறிஞ்சி எடுக்கக்கூடிய தண்ணீர் 18 லிட்டர் செம்மண் கலவைப் பையில் தோராயமாக 3 லிட்டர்தான் இருக்கும். ஊற்றியதில் மீதி ஓட்டை வழியே போய்விடும், அல்லது மண் துகளோடு இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு வராது. நார்க்கழிவுக் கலவையில் அதே அளவுப் பைக்கு 5 லிட்டருக்கு மேல் நிற்கும். காலை ஆறரை மணிக்கு ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு இந்த 2 லிட்டர் வித்தியாசம் பெரிய விஷயம். செம்மண் பையில் இருக்கும் செடி மூன்று மணிக்கே இலையைத் தொங்கவிடும். மாலையில் ஊற்றினால் நிமிர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பூவும் பிஞ்சும் அதற்குள் உதிர்ந்திருக்கும். தினமும் இப்படி வாடி நிமிரும் வெண்டை முற்றலாக, நாராகக் காய்க்கும். நார்க்கழிவில் ஒரு வேளைத் தண்ணீர் மறுநாள் காலை வரை தாங்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் இரண்டு வேளை வேண்டும். செம்மண்ணுக்கோ பங்குனி பிறந்ததிலிருந்தே இரண்டு வேளைதான்.

நார்க்கழிவு ஏமாற்றும் இடமும் தண்ணீரில்தான் இருக்கிறது. மேல் அரை அங்குலம் சீக்கிரம் காய்ந்து வெளுத்துவிடும், அடியில் சொட்டச் சொட்ட ஈரம் இருக்கும். மேலே பார்த்து ஊற்றுகிறவர் தை மாதத்திலேயே வேரை அழுக வைத்துவிடுவார். சின்னக் கறுப்புக் கொசு மாதிரி பூச்சிகள் பையைச் சுற்றிப் பறந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம். விரலை இரண்டு அங்குலம் இறக்கிப் பாருங்கள், அல்லது பையின் காதைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். நான்கைந்து நாளில் கைக்கு எடை பழகிவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இரண்டு நாள் முழுக்கக் காய விட்டால் கலவை சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகும். அப்போது ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே நேராக இறங்கி அடியில் வழியும். பார்ப்பவருக்குப் பை நனைந்த மாதிரி தெரியும், நடுவில் வேர்ப்பந்து காய்ந்தே கிடக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் ஓரத்தைக் கையால் அமுக்கி இடுக்கை மூடி, அரை லிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி அரை லிட்டர் என்று மூன்று நான்கு தவணையாகக் கொடுக்க வேண்டும். காய்ந்த சருகோ கரும்புச் சக்கையோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டுவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் பாதியாகக் குறையும்.

பையை நேரடியாகச் சுடுதளத்தில் உட்கார வைக்க வேண்டாம். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் ஓட்டை அடைக்காது, வேர்ச் சூடும் குறையும்.

இவ்வளவு தூக்கிப் பேசிவிட்டு நார்க்கழிவின் குறைகளை மறைப்பது முறையாகாது. முதல் குறை உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு, உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் அதிகம். 'கழுவியது' என்று உறையில் போட்டிருந்தாலும் நாமும் ஒருமுறை கழுவுவது நல்லது. கட்டியைப் பெரிய டிரம்மில் போட்டு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் கோணியிலோ பழைய வேட்டியிலோ கொட்டி வடித்துப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பழுப்பு நிறம் போனால் உப்பும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம், அது வெறும் துவர்ப்புச் சாயம். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வடிந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நாம் ஊற்றிய தண்ணீரில் மீட்டர் காட்டும் எண்ணைவிட 200, 300க்குள் கூடுதலாக இருந்தால் போதும்.

இரண்டாவது குறை சுண்ணாம்புச்சத்து. கழுவிய பிறகும் நார்த் துகள்கள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். உரத்தில் நாம் கொடுக்கும் கால்சியத்தை வாங்கிக்கொண்டு அவற்றை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் கிட்டாது. தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து, தோல் அமுங்கி, தட்டையாக அழுகுவதற்கு இது ஒரு காரணம், விட்டுவிட்டு ஊற்றும் தண்ணீர் இன்னொரு காரணம். 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 15 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கழுவி வடித்த நார்க்கழிவில் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மீண்டும் ஒருமுறை அலசி எடுத்தால் இது பெரும்பாலும் தீரும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் பைக்கு ஒரு கைப்பிடி ஜிப்சம் கலக்கலாம். முட்டை ஓட்டுத் தூள் கரைவதற்குள் அந்தத் தக்காளியின் ஆயுசே முடிந்துவிடும்.

மூன்றாவது, மக்காத நார்க்கழிவு. அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 112:1 அளவில் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய முறையில் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்க வைத்தால் அது 24:1 ஆக இறங்கும். மக்காததை அப்படியே நிரப்பினால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், நாற்று மூன்றாவது வாரத்தில் மஞ்சளாகும். அடி இலைகள் முழுசாக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. இளம் இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை, இது கடினமான போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அடிக்கடி வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்துப் பயனில்லை.

ஆகவே நார்க்கழிவை எடுத்தால் சாப்பாடு போடுகிற வேலை நம்முடையது. நிரப்பும்போதே பைக்கு வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம் கலந்து, ஈரப்படுத்தி, பத்து நாள் ஆறப்போட வேண்டும். பிண்ணாக்கு புளிக்கும்போது சூடேறும், உடனே நட்டால் இளவேர் வெந்துவிடும். நட்ட மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் கொடுங்கள்: 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பைக்கு அரை லிட்டர். பஞ்சகவ்யா தெளிப்பதாக இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி போதும், கூட்டினால் இலை கருகும்.

இந்த இடத்தில் செம்மண் கலவை தெளிவாக முந்துகிறது. ஒரு வாரம், பத்து நாள் உரம் கொடுக்க மறந்தாலும் செடி முகம் கொடுத்துக்கொண்டு நிற்கும். நுண்ணூட்டம் மண்ணிலேயே கொஞ்சம் இருக்கும். உயரமாகப் போகும் செடி காற்றில் பையோடு சாயாது. நார்க்கழிவுக் கலவையில் 2 வாளி செம்மண்ணை நான் விடாமல் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் செம்மண்ணோடு வருகிற விருந்தாளிகளையும் பார்க்க வேண்டும். காய்கறி விளைந்த நிலத்து மண் என்றால் வேர்முடிச்சு நூற்புழு கூடவே வரும். வெண்டை, கத்தரி, தக்காளி மூன்றும் அதற்குப் பிடித்தவை. செடி காரணமில்லாமல் குறுகி நின்றால் பிடுங்கி வேரைப் பாருங்கள், மணி கோத்தது போல முடிச்சுகள் இருக்கும். ஒரு பையில் வந்துவிட்டால் அந்த மண்ணை வேறு பைக்கு மாற்றக் கூடாது. ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, கோடை வெயிலில் ஆறு வாரம் போட வேண்டும். தொழுவுரம் சரியாக மக்காமல் இருந்தால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கும், சலித்துப் பொறுக்கிவிட்டுத்தான் கலக்க வேண்டும். மணலுக்குப் பதில் கழுவாத எம்-சாண்ட் போட்டால் அதன் தூசி மண்ணை இறுக்கி, தண்ணீர் மேலேயே தேங்கும். போர்த் தண்ணீரில் சோடியம் அதிகம் இருந்தாலும் மண் இப்படித்தான் அடைத்துக்கொள்ளும். நார்க்கழிவில் அந்த அடைப்பு வராது. பையின் ஓரம் வெள்ளை பூத்தால் நல்ல தண்ணீர் ஐந்தாறு லிட்டரை நிதானமாக ஊற்றி உப்பை அலசி விட்டுவிடலாம்.

அடுத்த பட்டத்துக்குத் தயார் செய்யும்போதும் இதே கதைதான். செம்மண் பையைக் கொட்டி, கட்டியை உடைத்து, மூன்றில் ஒரு பங்கு உரம் சேர்த்து மறுபடி நிரப்ப வேண்டும். இருபது பை இருந்தால் ஒரு நாள் வேலை, மறுநாள் முதுகுவலி. நார்க்கழிவுப் பையில் மட்டம் இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருக்கும். பழைய வேரை இழுத்துப் போட்டுவிட்டு மேலே மண்புழு உரம் நிரப்பினால் ஆயிற்று. இரண்டு மூன்று ஆண்டில் நார் பொடியாகிச் சேறு மாதிரி ஈரம் பிடிக்கத் தொடங்கும், அப்போது முழுசாக மாற்ற வேண்டும். இந்த ஒப்பீடு செம்மண்ணுக்கு மட்டும். களிமண்ணையும் கரிசலையும் வைத்துத் தொடர்ந்து பார்த்ததில்லை என்பதால் அவற்றுக்கு இதைப் பொருத்த மாட்டேன்.

எந்தச் செடிக்கு எது என்றால், வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை நான்குக்கும் நார்க்கழிவுதான். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து, பைக்கு இரண்டு வீதம் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, நல்லதை மட்டும் விடுங்கள். கத்தரிக்கு 30 நாள் நாற்று, மிளகாய்க்கு 40 நாள் நாற்று. தக்காளியை மாசிக்குத் தள்ளாதீர்கள். இரவுச் சூடு 24 டிகிரிக்கு மேல் நிற்கத் தொடங்கினால் பூ காயாகாமல் கொட்டும், அதனால் தை முதல் வாரமே நட்டுவிட வேண்டும். கீரைக்கு மட்டும் செம்மண் கலவை. தூள் மாதிரியான விதை நார்க்கழிவின் காய்ந்த மேல்பரப்பில் முளை விட்டதும் கருகிவிடும். பீர்க்கு, புடலை, சுரை எதுவானாலும் 12 அங்குலப் பை பற்றாது. பாதியாக வெட்டிய நீல டிரம் வேண்டும், அதைச் சுவர் ஓரமாக வைத்தால் இரண்டு கலவையையும் சரிபாதி நிரப்பலாம்.

ஆடியில் விதைத்து ஐப்பசி மழையைத் தாங்க வேண்டிய தோட்டத்துக்கு என் சாய்வு மாறும். வடகிழக்குப் பருவமழையில் நார்க்கழிவு நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும், மிளகாய் வேர் அழுகும். அப்போது நார்க்கழிவை 3 வாளிக்குக் குறைத்து, செம்மண்ணை 3 வாளியாக்கி, மணல் 1 வாளி சேர்க்கிறேன், மண்புழு உரம் அதே 3. பையின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில், கூடுதலாக நான்கு ஓட்டை போட்டுவிட வேண்டும்.