பண்டிகைக்கு ஆள் சேர்க்கிறேன் என்று வந்தவர் பேஜையே கொண்டுபோய்விட்டார்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் சபைகளில் கமிட்டி வேலை பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அறுப்பின் பண்டிகையோ, கன்வென்ஷனோ, கேரல் சர்வீஸோ, தேதி அறிவித்த இரண்டு நாளில் ‘ஃபேஸ்புக்கில் புரமோட் செய்து தருகிறோம்’ என்று ஒருவர் வந்து நிற்பார். எங்கள் அறுப்பின் பண்டிகைக்கும் அப்படித்தான் ஒருவர் வந்தார். புகார் கொடுத்திருப்பதால் ஏஜென்சி பெயரை இங்கே போடவில்லை.

ஆள் பார்க்க டீசன்ட். உள்ளே நுழையும்போதே “ஸ்தோத்திரம் ஐயா” என்றார், எங்கள் ஆயருக்கு அங்கேயே பாதி மனசு இளகிவிட்டது. லேப்டாப்பைத் திறந்து வேறு ஏதோ சபையின் கணக்கைக் காட்டி, பத்து நாளில் ஒரு லட்சம் பேருக்குப் போய்ச் சேரும், அதுவும் வடசென்னையில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் போகிற மாதிரி செட் பண்ணித் தருகிறேன் என்றார். கேட்டது 18,000 ரூபாய். காணிக்கைப் பணமாயிற்றே என்று பேரம் பேசினோம், ஆயிரம் குறைத்தார், அந்த ஆயிரத்தில் நாங்கள் குளிர்ந்துபோய் மீதி 17,000-ஐ முன்பணமாகவே அனுப்பிவிட்டோம்.

‘கிறிஸ்தவர்களுக்கு மட்டும்’ என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மதக் குழு, மத வழக்கம் இவற்றை வைத்து ஆளைப் பொறுக்கி விளம்பரம் காட்டும் தேர்வுகளை, ஃபேஸ்புக்கை நடத்துகிற மெட்டா நிறுவனம் 2022 ஜனவரியிலிருந்தே எடுக்கத் தொடங்கிவிட்டது. இடத்தை, வயதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம், மதத்தை வைத்து முடியாது. இதெல்லாம் என் தங்கை மகன் பிற்பாடு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. எங்கள் சபையின் ஃபேஸ்புக் பேஜுக்கு ‘முழுக் கட்டுப்பாடு’ கொடுத்தால்தான் விளம்பரம் ஓட்ட முடியும் என்றார், கொடுத்தேன். விளம்பரத்துக்கு மட்டும் தனி அனுமதி கொடுக்கலாம், அதை வைத்து அவரால் வேறு யாரையும் நீக்க முடியாது. முழுக் கட்டுப்பாடு வாங்கியவர் கொடுத்தவரையே வெளியே தள்ளலாம். கொத்து வேலைக்கு வந்தவரிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்த கதைதான்.

இரண்டே ராத்திரியில் நாலாயிரம் லைக். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் குதித்தார்கள். எங்கள் பொருளாளர் அக்கா மட்டும், துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு லைக் போட்ட பெயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பாதிப் பேருக்குப் போட்டோ இல்லை, மீதிப் பேர் எந்த நாட்டுக்காரர்கள் என்றே தெரியவில்லை. “இவங்கள்ல ஒருத்தர்கூட எத்தனை மணிக்குன்னு கேட்கலையேப்பா” என்றார். அதுதான் கேள்வி. வரப்போகிறவர் நேரம் கேட்பார், பார்க்கிங் கேட்பார், பிரியாணி உண்டா என்று கேட்பார். இங்கே வெறும் ‘சூப்பர்’, ‘வாவ்’.

ஆறாம் நாள் தங்கை மகன் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் எங்கள் பேஜ் பெயரைப் போட்டுப் பார்த்தான். எந்தப் பேஜ் என்ன விளம்பரம் ஓட்டுகிறது என்று அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் பெயரில் ஒன்றுகூட ஓடவில்லை. போன் போட்டுக் கேட்டால், “அது அப்டேட் ஆக ரெண்டு நாள் ஆகும் பிரதர், ஜெபிச்சுக்கோங்க” என்கிறார்!

பண்டிகை அன்று 300 பொட்டலம் பிரியாணி போட்டோம், 130 மிச்சம். காணிக்கையாக வந்த பொருட்களை விடுகிற ஏலத்தில் ஒரு நாட்டுக்கோழிக்கு எங்கள் ஆட்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு விலை ஏற்றினார்கள். புதிதாக வந்தது மூன்றே குடும்பம், விசாரித்தால் ஒன்று ஆட்டோவில் மைக் கட்டிப் போனதைக் கேட்டு வந்தது, மற்ற இரண்டும் எங்கள் பெண்கள் சங்கத்தார் வாட்ஸ்அப்பில் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்து வந்தவை. மிச்சப் பொட்டலத்தை ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்தோம், அவர்களாவது சந்தோஷப்பட்டார்கள்.

அப்புறம் ரசீது கேட்டோம். மெட்டா விளம்பரத்துக்குப் பணம் எடுத்தால் அதன் ரசீது விளம்பரக் கணக்கில் இருக்கும், அதைக் காட்டச் சொன்னோம். வந்ததோ அவருடைய சொந்த பில், ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு தொகை வேறு. அக்கா ஜிஎஸ்டி எண்ணை விரல் வைத்து எண்ணினார். பதினாலு. அதில் எழுத்தும் எண்ணுமாகப் பதினைந்து இருக்க வேண்டும். அதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதுதான் தாமதம், அன்று ராத்திரியே என்னையும் ஆயரையும் பேஜிலிருந்து தூக்கிவிட்டார்.

இப்போது அந்தப் பேஜ் கவரிங் நகை விற்கிறது. பேஜின் வெளிப்படைத்தன்மை பகுதிக்குப் போனால் பழைய பெயராக எங்கள் சபையின் பெயர் இன்னும் நிற்கிறது, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோம். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்தோம், சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தாயிற்று. பணம் அனுப்பிய உடனே சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே 1930-ஐக் கூப்பிடுங்கள், எங்களை மாதிரி வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

17,000 போனதுகூடப் பரவாயில்லை. 2020 ஊரடங்கில் கோவில் பூட்டியிருந்தபோது ஆயர் வீட்டு ஹாலில் இருந்து லைவ் போட்ட ஆராதனைகள் எல்லாம் அந்தப் பேஜில்தான் இருந்தன. எங்கள் பழைய உபதேசியார் கடைசியாக ஜெபித்தது அதில் ஒன்று, நடுவில் குக்கர் விசில் அடிக்கும், அவர் நிறுத்தமாட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். அவர் மகள் குவைத்தில் இருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள். அந்த வீடியோவை யாராவது இறக்கி வைத்திருந்தால், அரைகுறையாக இருந்தாலும் சரி, எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள்.