ஒரே கடையா, இரண்டு கடையா: கால்பந்து ஒளிபரப்பு உரிமையும் ரசிகரின் மாதச் செலவும்

ஐரோப்பாவில் எந்த லீக் ஒளிபரப்பு உரிமையை ஏலம் விட்டாலும் இந்த வாதம் வந்துவிடும். எல்லா ஆட்டத்தையும் ஒரே நிறுவனத்திடம் கொடுத்தால் ஏகபோகம். இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கடையிலும் ஒரே சரக்கு இருந்தால்தான் அது போட்டி. ஒரு கடையில் அரிசி மட்டும், எதிர்க்கடையில் பருப்பு மட்டும் என்றால் இரண்டு கடைக்கும் நடந்து, இரண்டு பில்லும் கட்ட வேண்டியதுதான். கால்பந்து உரிமையைப் பிரித்து விற்பது பெரும்பாலும் இந்த அரிசி-பருப்புக் கணக்குதான். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரசிகர் பக்கம் நின்று பார்த்தால், எல்லா ஆட்டமும் ஒரே சந்தாவில் கிடைக்கும் ஏற்பாடே மேல். குறைகள் இல்லாமல் இல்லை, அவற்றையும் பார்ப்போம்.

ஒரே கை என்பதற்குப் பழைய உதாரணம் இங்கிலாந்து. 1988இல் ஐடிவி நான்கு ஆண்டுக்கு 4.4 கோடி பவுண்ட் கொடுத்து, அன்று நாட்டின் உச்ச லீக்காக இருந்த முதல் டிவிஷனை வாங்கியபோது, கூரையில் ஆன்டெனா இருந்தால் போதும், ஆட்டம் பார்க்கலாம். 1992இல் அந்த இடத்தில் பிரீமியர் லீக் பிறந்தது. செயற்கைக்கோள் டிவி நிறுவனமான ஸ்கையும் பிபிசியும் சேர்ந்து ஐந்து ஆண்டுக்கு 30.4 கோடி பவுண்ட் ஒப்பந்தம் போட்டன. சீசனுக்கு 60 நேரலை ஆட்டம் ஸ்கைக்கு, ஹைலைட்ஸ் பிபிசிக்கு. ரசிகருக்கு டிஷ், பாக்ஸ், மாதச் சந்தா என்று மூன்று செலவு புதிதாக வந்தது. 15 ஆண்டு இப்படியே ஓடியது. அந்த ஒரே கை யோக்கியமாக நடந்துகொண்டதா என்றால், முழுக்க இல்லை. 2004-07இல் ஸ்கையிடம் சீசனுக்கு இருந்த 138 ஆட்டத்தில் 50 ஆட்டம், சந்தாவுக்கு மேல் தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் பிரெம்பிளஸ் சேனலுக்குப் போனது. சந்தா கட்டியவரிடமே மறுபடியும் வசூல்.

அடுத்தது பிரித்து விற்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2006இல் பிரீமியர் லீக்கிடம் உறுதிமொழி வாங்கியது: 138 ஆட்டத்தையும் தலா 23 வீதம் ஆறு கட்டுகளாகப் பிரிக்க வேண்டும், ஆறையும் ஒருவரே வாங்கக் கூடாது. 2007இல் ஸ்கைக்கு நான்கு கட்டு, அதாவது 92 ஆட்டம். செட்டான்டா என்ற புது சேனலுக்கு இரண்டு கட்டு, 46 ஆட்டம். கூட்டிப் பாருங்கள், அதே 138. ஒரு நேரலை ஆட்டம்கூடக் கூடவில்லை. தனிக்காசு முறை ஒழிந்தது உண்மை. ஆனால் மூன்று ஆண்டு உரிமையின் விலை 102.4 கோடி பவுண்டிலிருந்து 170.6 கோடிக்குப் போனது. ஆன்டெனா வழியாக செட்டான்டா பார்க்க மாதம் 9.99 பவுண்ட். ஸ்கை சந்தா அப்படியே இருக்க, இது அதன் தலைமேல்.

ஒரு கிளப்பை மட்டும் பின்தொடர்பவர் ஏன் ஒரு சந்தாவோடு நிறுத்த முடியவில்லை? கட்டுகளைப் பிரிப்பது கிளப் வாரியாக இல்லை, நேர வாரியாக. சனி பகல் 12.30 ஒரு கட்டு, சனி மாலை ஒன்று, ஞாயிறு 4 மணி ஒன்று, திங்கள் இரவு ஒன்று என்று போகும். சீசன் அட்டவணை ஜூனில் வரும்போது பெரும்பாலான ஆட்டங்கள் சனி 3 மணி என்றுதான் போட்டிருக்கும். பிறகு மாதா மாதம் நிறுவனங்கள் தங்கள் முறைப்படி ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும், அதற்கேற்ப நாளும் நேரமும் மாறும். உங்கள் கிளப் வியாழக்கிழமை ஐரோப்பியக் கோப்பையில் ஆடினால் லீக் ஆட்டம் ஞாயிறுக்குத் தள்ளப்படும், அந்த நேரம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போக வேண்டும். கோப்பையிலிருந்து வெளியேறினால் ஆட்டம் மறுபடி சனிக்குத் திரும்பும், கடையும் மாறும். எந்தக் கடையில் எத்தனை ஆட்டம் விழும் என்பது ஆகஸ்டில் யாருக்கும் தெரியாது. அதனால் ஆகஸ்டிலேயே இரண்டு சந்தாவும் போட்டுவிடுகிறார்கள், அல்லது சில ஆட்டங்களைக் கைவிடுகிறார்கள்.

விலை ஏன் இறங்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. திங்கள் ஆட்டத்தை வைத்திருப்பவர் சந்தாவை ஏற்றினால், அதே ஆட்டத்தை மலிவாகத் தரும் அடுத்த கடை கிடையாது. ரசிகரை இழுக்க அவர்கள் போட்டி போடவில்லை. ஏலத்தில் உரிமையை இழுக்கத்தான் போட்டி போட்டார்கள். தொலைபேசி நிறுவனமான பிரிட்டிஷ் டெலிகாம் (பிடி) உள்ளே வந்தபிறகு 2013-16 உரிமை 301.8 கோடி பவுண்ட், 2016-19 உரிமை 513.6 கோடி. கடைசியாகச் சொன்னதை மூன்று ஆண்டுக்கும் சீசனுக்கு 168 ஆட்டத்துக்கும் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். 2004-07இல் அதே கணக்கு 25 லட்சத்தைத் தொடவில்லை. ஏலத்தில் ஏறிய தொகை, விளம்பரத்தில் திரும்பிய அளவு போக, சந்தாவில்தான் வந்து விழும்.

2019இல் சீசனுக்கு 20 ஆட்டம் அமேசானுக்குப் போனது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. நேரத் துண்டுகளுக்குப் பதிலாக இரண்டு முழுச் சுற்றுகள், இரண்டும் டிசம்பரில். ஒரு மாதச் சந்தா போட்டால் இரண்டு சுற்றிலும் உங்கள் கிளப் ஆட்டம் உறுதி. பிரித்தே தீர வேண்டும் என்றால் இப்படிச் சுற்று வாரியாகப் பிரிக்கலாம். எப்போது எந்தக் கடை என்பதாவது முன்கூட்டியே தெரியும்.

இரண்டு முறையையும் ஒரே லீக்கில் அடுத்தடுத்துப் பார்க்க இத்தாலிதான் தோது. அங்கே உச்ச லீக்கான சீரி ஆவில் சீசனுக்கு 380 ஆட்டம், சுற்றுக்கு 10. 2018-21இல் சுற்றுக்கு 7 ஆட்டம் ஸ்கைக்கு, 3 ஆட்டம் இணையம் வழியாகக் காட்டும் டாஸோனுக்கு. சீசனுக்கு 266, 114. டாஸோன் மாதம் 9.99 யூரோதான், ஆனால் ஸ்கை சந்தாவுக்கு மேல். 2021இல் ஏற்பாடு மாறியது. பத்து ஆட்டமும் டாஸோனில், அதில் மூன்று மட்டும் ஸ்கையிலும். எல்லா நேரலையையும் ஒருவரே தனியுரிமையாக வாங்கக் கூடாது என்று 2008 முதல் இத்தாலியில் சட்டம் இருக்கிறது, அந்த மூன்று பொது ஆட்டம் அதற்கும் பதில் சொல்லிவிட்டது. ரசிகருக்கு இதன் பொருள் எளிது: டாஸோன் ஒன்று போட்டால் 380 ஆட்டமும் கிடைக்கும். சுற்றுக்கு மூன்று ஆட்டம் போதும் என்பவர் ஸ்கையோடு நிற்கலாம். அந்த மூன்று ஆட்டத்தில் மட்டும் இரண்டு கடையிலும் ஒரே சரக்கு. உண்மையான போட்டி என்று சொல்லத்தக்கது அங்கேதான் நடக்கிறது. 2024-29 ஒப்பந்தத்திலும் இதே அமைப்பு தொடர்கிறது.

டாஸோன் சந்தா 2021இல் 29.99 யூரோ, பிறகு மாதாமாதம் விலகும் வசதியுள்ள திட்டம் 40ஐத் தாண்டியது. ஒரே கையில் இருப்பதன் கூலி அது, மறைக்க ஒன்றுமில்லை. அதைவிட ரசிகர்களை அதிகம் சோதித்தது இணையம். 2018இல் தொடங்கிய முதல் வாரமே படம் நின்று நின்று ஓடியது. முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 8 மெகாபிட் அளவு நிலையாக வர வேண்டும், ஞாயிறு மாலை ஊரே ஒரே ஆட்டத்தைப் பார்க்கும்போது அந்த ‘நிலையாக’ என்பதில்தான் சிக்கல். படம் நிற்காமல் வந்தாலும் டிஷ்ஷைவிட அரை நிமிடம்கூடப் பின்தங்கும். பெனால்டிக்குப் பந்தை வைத்துக்கொண்டிருப்பார், அதற்குள் பக்கத்து வீட்டில் கத்திவிடுவார்கள். செல்பேசியில் ஸ்கோர் அறிவிப்பை அணைத்துவைப்பது பாதி மருந்து. மீதிப் பாதிக்கு, ஸ்கை டிஷ் உள்ளவர்கள் டாஸோன் சந்தாவோடு மாதம் 5 யூரோ கூடக் கட்டி அதன் சேனலை டிஷ் வழியாகவே வாங்கும் வசதி 2022இல் வந்தது. ஒரே சந்தாவில் இரண்டு சாதனத்தில் பார்ப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு: அடிப்படைத் திட்டத்தில் இரண்டும் ஒரே வீட்டு இணையத்தில் இருக்க வேண்டும். அண்ணன் மிலானிலும் தம்பி நேப்பிள்ஸிலும் இருந்துகொண்டு பாதிப் பாதி போடும் பழக்கம் அதோடு போச்சு.

ஒரே கை விழுந்தால் எல்லாமே விழுமே என்று கேட்பவர்கள் பிரான்ஸைக் காட்டுவார்கள். நியாயமான கேள்வி. அப்போது சுற்றுக்கு இருந்த பத்து ஆட்டத்தில் எட்டை வாங்கிய ஸ்பெயின் நிறுவனம் மீடியாப்ரோ, 2020 ஆகஸ்டில் மாதம் 25.90 யூரோவுக்கு டெலிஃபுட் சேனலைத் தொடங்கி, அக்டோபர் தவணையையே லீக்குக்குக் கட்டவில்லை. டிசம்பரில் ஒப்பந்தம் முறிந்தது, 2021 பிப்ரவரியில் சேனல் மூடியது. மீதி சீசன் கனால் பிளஸ், பிறகு அமேசான், 2024இல் டாஸோன், ஓராண்டில் அதுவும் விலகல். ஐந்தே ஆண்டில் ரசிகர் எத்தனை பாஸ்வேர்டு மாற்றியிருப்பார்! ஆனால் பிரித்து விற்பது இதற்குக் காப்பு என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் இரண்டு கட்டு மட்டும் வைத்திருந்த செட்டான்டாவும் 2009 ஜூனில் திவாலாகி, அந்த 46 ஆட்டமும் ஈஎஸ்பிஎன்னுக்குப் போனது. சிறு கடைக்குச் சந்தாதாரர் குறைவு, உரிமைக் கட்டணம் பெரிது. முதலில் சாய்வது அதுதான்.

ஒரே கையில் கொடுத்தால் ரசிகருக்கு என்ன காப்பு என்றால், என் பதில் ஜெர்மனி. அங்கே உச்ச லீக்கான புண்டஸ்லிகாவில் சனி மாலை 3.30க்குத் தொடங்கும் ஆட்டங்கள் 5.20 வாக்கில் முடியும். 6.30க்குப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏஆர்டியின் ஷ்போர்ட்ஷாவ் நிகழ்ச்சியில் அவற்றின் ஹைலைட்ஸ் இலவசமாக வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடப் பொறுத்தால் காசில்லாமல் பார்க்கலாம் என்ற நிலை இருக்கும்போது, சந்தா விற்பவர் விலையை ஏற்றுமுன் ஒருமுறை யோசிப்பார். இங்கிலாந்தில் பிபிசி டிவியின் சனிக்கிழமை ஹைலைட்ஸ் நிகழ்ச்சி இரவு 10 மணிக்கு மேல்தான். இலவச ஹைலைட்ஸ் எத்தனை மணிக்கு என்பது ஒப்பந்தத்தில் சின்ன வரி, வீட்டுச் செலவில் பெரிய வரி. நேரலையில் ஜெர்மனியும் பிரித்துத்தான் விற்கிறது. 2025 முதல் சனி மாலை ஆட்டங்களைத் தனித்தனியாகப் பார்க்க ஸ்கை, அதே ஆட்டங்களை மாறி மாறிக் காட்டும் கூட்டு ஒளிபரப்புக்கு டாஸோன். ஒரே மாலை, ஒரே மைதானங்கள், இரண்டு பில்.

லீக்கே கடை போடுவது இன்னொரு வழி. டாஸோன் போனபிறகு 2025 ஆகஸ்டில் பிரெஞ்சு லீக் தன் சொந்தச் சேனலாக லீக் 1 பிளஸ்ஸைத் தொடங்கியது. தொடங்கியபோது ஆண்டுக் கட்டுப்பாட்டோடு மாதம் 14.99 யூரோ, சுற்றின் ஒன்பது ஆட்டத்தில் எட்டு நேரலை. எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியாகக் கொடுக்காமல் பல இணைய நிறுவனங்கள் வழியாக விற்கிறார்கள், டாஸோன் 2024இல் 29.99இல் தொடங்கியதோடு ஒப்பிட்டால் பாதி விலை. ரசிகருக்கு இதைவிட நல்லது கண்ணில் படவில்லை. வயது குறைவான ஏற்பாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உரிமை வருமானம் இறங்கியதால் கிளப்புகள் கை பிசைகின்றன, அந்தப் பாரம் டிக்கெட் விலையில் ஏறுமா, நட்சத்திர வீரர்கள் வெளியே போவார்களா என்பதைச் சில சீசன் போனால்தான் எடைபோட முடியும்.

தனியுரிமைக்கு நாட்டு எல்லையும் உண்டு. போர்ட்ஸ்மவுத்தில் மதுக்கூடம் நடத்திய கேரன் மர்பி, ஸ்கை சந்தாவைவிட மலிவான கிரேக்க டிகோடர் கார்டு போட்டு ஆட்டம் காட்டினார், வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2011 அக்டோபர் 4 தீர்ப்பில், வேறு நாட்டுக் கார்டைத் தடுப்பது ஐரோப்பிய ஒன்றிய விதிக்கு எதிரானது என்றும், ஆட்டத்துக்கே காப்புரிமை கிடையாது என்றும் சொன்னார்கள். ஆனால் திரையில் வரும் லோகோ, தொடக்க இசை, கிராஃபிக்ஸ் ஆகியவற்றுக்குக் காப்புரிமை உண்டு, மதுக்கூடத்தில் அவற்றைக் காட்ட அனுமதி வேண்டும். பந்தை மட்டும் காட்டி லோகோவை மறைக்கிற டிவி எங்கே கிடைக்கும்? இன்னொரு வேடிக்கை: இங்கிலாந்தில் சனி 2.45 முதல் 5.15 வரை நேரலைக்குத் தடை. மைதானத்துக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக 1960களிலிருந்து உள்ள ஏற்பாடு. மான்செஸ்டரில் இருப்பவர் டிவியில் பார்க்க முடியாத சனி 3 மணி ஆட்டத்தை, மதுரையில் இருப்பவர் இரவு 7.30க்கோ, அங்கே கடிகாரம் மாறியபிறகு 8.30க்கோ நேரலையில் பார்க்கலாம்.

இப்போதைய இங்கிலாந்துக் கணக்குக்கு வருவோம். 2025-29 உரிமை நான்கு ஆண்டுக்கு 670 கோடி பவுண்ட். ஐந்து கட்டில் நான்கு ஸ்கைக்கு, சீசனுக்குக் குறைந்தது 215 ஆட்டம். டிஎன்டி ஸ்போர்ட்ஸ் சேனலுக்கு 52, பெரும்பாலும் சனி பகல் 12.30 ஆட்டங்கள். அதாவது ஐந்தில் நான்கு பங்கு மறுபடி ஒரே கையில். பிரித்தாக வேண்டும் என்று தொடங்கிய இடத்திலேயே காற்று திரும்பி அடிக்கிறது. அங்கே இருப்பவர் சந்தா போடுமுன் சென்ற சீசனில் தன் கிளப்பின் 38 ஆட்டம் எந்த எந்த நேரத்தில் நடந்தன என்று ஒரு தாளில் குறித்துப் பார்க்கலாம். சனி 12.30இல் நான்கைந்துக்கு மேல் விழவில்லை என்றால் இரண்டாவது சந்தாவை முழு ஆண்டுக்கு எடுக்க வேண்டாம். அந்த மாதத்துத் தேர்வு வெளிவந்தபிறகு, தேவைப்படும் மாதத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். ஆண்டுத் திட்டத்தின் விலையைப் பன்னிரண்டால் வகுக்காமல் பத்தால் வகுத்துப் பாருங்கள். மே இறுதியில் லீக் முடிந்துவிடும், ஜூன், ஜூலைக்கும் காசு போய்க்கொண்டே இருக்கும்.