சிங்கிள்பாயிண்டா, எய்ம்பாயிண்டா: சிவப்புப் புள்ளியின் இரு வழிகள்

துப்பாக்கியின் ரெட் டாட் சைட் (சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி) என்றதும் பேட்டரிதான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்பே வந்த சிங்கிள்பாயிண்ட் என்ற சைட் பேட்டரி இல்லாமலே வேலை செய்தது. 1970 நவம்பரில் வட வியட்நாமின் சோன் டே சிறைமுகாம் மீது நடந்த அதிரடியில் அமெரிக்க வீரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதன் வழியாகப் பார்த்தால் இலக்கே தெரியாது! ஒரு கண்ணுக்கு இருட்டும் சிவப்புப் புள்ளியும், மறு கண்ணுக்கு இலக்கு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் மூளை இரண்டு காட்சிகளையும் ஒட்டிவிடும். ஆனால் இரு கண்களும் எப்போதும் ஒரே இடத்தை நோக்கி நிற்பதில்லை. அவை சற்று விலகினாலும் புள்ளி நகர்ந்து குறி தப்பும். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவருக்கு இது உதவாது.

ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் கொண்டுவந்த 'எலக்ட்ரானிக்' மாடல் வேறு ரகம். எல்.ஈ.டி.யின் சிவப்பு ஒளியை வளைந்த லென்ஸ் கண்ணுக்குத் திருப்பிவிடும், இலக்கு அதன் வழியாகவே தெரியும். ஒளியைப் பிரதிபலிக்கும் யோசனை புதிதல்ல. 1900இலேயே அயர்லாந்தின் தொலைநோக்கி வடிவமைப்பாளர் ஹவார்ட் கிரப் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். விளக்கை இவ்வளவு சிறிதாக்கியது எல்.ஈ.டி.தான். சரி, பேட்டரி தீர்ந்தால் புள்ளியும் போச்சு. சிங்கிள்பாயிண்டுக்குச் சுற்றியுள்ள வெளிச்சமே போதும்.

இருந்தாலும் துல்லியம் வேண்டுமென்றால் என் ஓட்டு எய்ம்பாயிண்டுக்கே.