நார்னியாவுக்குள் எந்த வாசலால் நுழைவது?

நார்னியா என்ற மாய உலகைப் பற்றிய சி. எஸ். லூயிஸின் ஏழு நாவல்களை நெட்பிளிக்ஸுக்காகப் படமாக்கும் கிரேட்டா கெர்விக், 1950இல் முதலில் வெளிவந்த 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி'யை விடுத்து, 1955இல் ஆறாவதாக வெளிவந்த 'மந்திரவாதியின் மருமகன்' நாவலில் தொடங்குகிறார். கதையின் காலவரிசைப்படி இதுவே முதலாவது. இந்தப் படத்துக்காகக் காத்திருக்கும் மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு இத்தெரிவு சரிதானா என்பதே என் கேள்வி.

'சிங்கம்' நாவலின் பக்கம் பலமான நியாயம் உண்டு. இலண்டன் மீதான வான் தாக்குதல்களால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள் முன்பின் அறியாத ஒரு பேராசிரியரின் வீட்டில் தங்குவதோடு அது தொடங்குகிறது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் போரால் இடம்பெயர்ந்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த முதற்பக்கத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அலமாரிக்குள் நுழைந்த, அந்த நால்வரில் ஒருத்தியான லூசி, பனிக்காட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பத்தைக் காணும்போது, அது ஏன் அங்கே நிற்கிறது என்பதை ஆசிரியர் சொல்லாமல் விடுவதும் நாவலின் பெரிய கவர்ச்சி. ஆனால், 1979இல் கேலிச்சித்திரப் படமாகவும், 1988இல் பிபிசி தொடராகவும், 2005இல் பெரும் திரைப்படமாகவும் வந்துவிட்ட கதை இது. அதை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து எடுப்பதில் புதிதாகக் காண அதிகம் இராது.

'மருமகன்' நாவலோ திரைக்கு வராதது. திரைக்கென்றே எழுதியது போன்ற காட்சிகளும் அதில்தான் அதிகம். இறந்துபோன சார்ன் நகரமும், அங்கே கதைநாயகனான சிறுவன் டிகரி மணியை அடித்து எழுப்பிவிடும் அரசி ஜாடிஸும் ஒருபுறமிருக்க, முழு இருளில் ஒரு குரல் பாடத் தொடங்க, விண்மீன்கள் ஒரே கணத்தில் தோன்றி, பாட்டின் போக்கிலேயே சூரியனும் புல்லும் மரங்களும் விலங்குகளும் பிறக்கும் பகுதியைக் காணவும் கேட்கவும் நான் பெரிதும் ஆவலாக இருக்கிறேன். அதைவிட முக்கியமானது டிகரியின் தாய் நோயுற்றுக் கிடப்பது. நார்னியாவைப் பாடிப் படைத்த சிங்கமான அஸ்லானுக்காகப் பறித்த ஆப்பிள் கையில் இருக்கையில், அதைத் தாயிடம் கொண்டுபோய்க் குணப்படுத்து என்று ஜாடிஸ் தூண்டும்போது, கொடுத்த வாக்குக்கும் தாயின் உயிருக்கும் இடையே அந்தச் சிறுவன் படும் பாட்டுக்கு நிகரான ஓர் இடம் மற்ற ஆறு நாவல்களிலும் இல்லை என்பது என் கருத்து. லூயிஸ் தம் தாயை 1908இல், ஒன்பது வயதில் இழந்தவர்.

காலவரிசையில் தொடங்குவதுதான் முறை என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸ் அவ்வரிசையை ஆதரித்தார். எனினும், எந்த வரிசையில் வாசித்தாலும் பெரிதில்லை என்ற தொனியும் அதே கடிதத்தில் உண்டு. எங்கள் வடமோடிக் கூத்துக் களரியில் பாரதத்தின் ஒரு பகுதியை மட்டும் விடிய விடிய ஆடும்போது, ஆதியிலிருந்து தொடங்கவில்லையே என்று யாரும் குறைப்படுவதில்லை. கதை தெரிந்தவர்கள், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அதை எப்படி ஆடவைத்திருக்கிறார் என்று பார்க்கவே வருகிறார்கள். நார்னியாவை அறிந்தவர்களுக்கும் 'மருமகன்' அப்படியே அமையும்.

சிக்கல், அறியாதவர்களுக்குத்தான். ஜாடிஸ் எறிந்த இலண்டன் விளக்குக் கம்பத்தின் இரும்புத் துண்டு புது மண்ணில் முளைப்பதையும், அலமாரிக்கான மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடும் பிள்ளைக்கு, கேள்வி எழுவதற்கு முன்பே விடை கிடைத்துவிடுகிறது. ஆகவே, திரைக்கு 'மருமகன்', வாசிப்புக்குச் 'சிங்கம்' என்பதே என் தெரிவு. படம் வருவதற்கு முன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் 'சிங்கம்' நாவலைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரியவர்கள் நாளுக்கோர் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிக்கொடுத்தால், பதினேழு அத்தியாயங்களும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும்.