வீட்டில் அச்சிடும் நடைப்பயண வரைபடம்: எந்தக் கோப்பு, எந்த பிரிண்டர், எந்தத் தாள்?

அச்சான வரைபடம் மங்கலாக வந்தால் பழி முதலில் பிரிண்டர் தலையில்தான் விழும். பெரும்பாலும் அது செய்த குற்றம் ஒன்றுமில்லை. கொடுத்த கோப்பில் இல்லாத தெளிவை எந்த பிரிண்டரும் தாளில் கொண்டுவராது. அதனால் அலசலைக் கோப்பிலிருந்து தொடங்குவோம். பிரிண்டரும் தாளும் அதற்குப் பிறகுதான்.

நடக்கும்போது கையில் இருக்கும் படத்தில் இரண்டு விஷயங்கள் தெரிந்தே ஆகவேண்டும்: பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை), இரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்துகள். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டை வைத்தே எடைபோடுகிறோம்.

ஸ்கிரீன்ஷாட், ஆயத்த பி.டி.எஃப், சொந்தமாக வரைந்த படம்

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான் எளிது. 1920 பிக்ஸல் அகலத் திரையைப் பிடித்து ஏ4 தாளில் படுக்கைவாட்டில் 27.7 செ.மீ. அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்குச் சுமார் 176 புள்ளிகள் கிடைக்கும். இது மோசமான எண்ணிக்கை அல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டருகே ஜூம் 15-இல் ஒரு பிக்ஸல் ஏறத்தாழ 4.78 மீட்டர். அந்தப் படம் தாளில் விரியும்போது விகிதம் 1:33,000 என்று எதற்கும் பொருந்தாத ஓர் எண்ணில் போய் நிற்கும். திசைகாட்டியின் விளிம்பில் உள்ள அளவுகோல் அதற்கு உதவாது.

"சரி, இன்னும் பெரிதாக்கி, பல துண்டுகளாகப் பிடித்து ஒட்டிவிடலாம்" என்று தோன்றும். அங்கேதான் பொறி. இணைய வரைபடம் சிறு சதுரப் படத் துண்டுகளாக வருகிறது; அதிலுள்ள எழுத்து, திரைக்காக இத்தனை பிக்ஸல் என்று வரையப்பட்டது. 1:25,000 விகிதத்தில் அச்சிடும்போது ஜூம் 15 சதுரங்கள் அங்குலத்துக்குச் சுமார் 133 புள்ளிகள் தரும். 11 பிக்ஸல் எழுத்து 2.1 மி.மீ. அளவில் விழும். படிக்கலாம், ஆனால் ஓரங்கள் மென்மையாகக் கலைந்திருக்கும். ஜூம் 16-க்குப் போனால் புள்ளிகள் 266 ஆகும், கோடுகள் கூர்மையாகும், எழுத்தோ 1 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். கூர்மை வேண்டுமா, எழுத்து வேண்டுமா என்ற இந்த இழுபறி, படம் சதுரத் துண்டுகளாக இருக்கும்வரை தீராது. ஸ்கிரீன்ஷாட்டைத்தான் நம்பியாக வேண்டுமென்றால் ஜூம் 15-இல் நில்லுங்கள், பி.என்.ஜி. ஆகச் சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல ஒரு நிழல் வரும். திரையில் கண்ணுக்குத் தப்பினாலும் தாளில் தப்பாது.

ஆயத்த பி.டி.எஃப் இதற்கு அடுத்த படி. தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் பகிர்வுப் பொத்தானை அழுத்தினால், வழக்கமான அடுக்கைப் படமாக இறக்க பி.டி.எஃப், எஸ்.வி.ஜி. இரண்டும் கிடைக்கும், விகிதத்தையும் கேட்கும். கோடும் எழுத்தும் வடிவங்களாகவே வருவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. குறை என்னவென்றால் அந்த அடுக்கில் சம உயரக் கோடுகள் கிடையாது. சமவெளியில் வயல்வரப்புப் பாதை நடப்பவருக்கு அது போதும். மலைக்குப் போகிறவருக்குப் பாதிப் படம்தான். மேப்ஓஸ்மேட்டிக் தளம் பல பக்கத் தொகுப்பாக பி.டி.எஃப் தரும். கால்டோப்போ தளத்தில் விகிதத்தையும் யூ.டி.எம். (இடத்தை மீட்டரில் குறிக்கும் உலகக் கட்ட முறை) கட்டக் கோடுகளையும் தேர்ந்தெடுத்து அச்சிடலாம். ஓப்பன்டோப்போமேப்பில் உயரக் கோடுகள் அழகாக இருக்கும், ஆனால் அதுவும் சதுரத் துண்டுகள்தான். மேலே சொன்ன இழுபறி அப்படியே தொடரும்.

இறக்கிய பி.டி.எஃப் எந்த வகை என்று பார்க்க ஒரு சோதனை: 800 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எழுத்தின் ஓரம் வழுக்கலாக இருந்தால் நல்லது. படிக்கட்டாகத் தெரிந்தால் அது பி.டி.எஃப் உறைக்குள் வைத்த வெறும் படம்.

மூன்றாவது வழி, க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் நாமே வரைவது. முதல் படத்துக்கு ஒரு நாளே போகலாம். அடுத்தடுத்த படங்களுக்கு அதே வார்ப்பு உதவும். எழுத்து இத்தனை பாயின்ட் (அச்செழுத்தின் அளவு), கோடு இத்தனை மில்லிமீட்டர் என்று தாளின் அளவிலேயே சொல்லிவிட முடிவதுதான் இதன் பலம்.

முதலில் செய்யவேண்டியது திட்டத்தின் வீழலை, அதாவது உருண்டையான நிலத்தைத் தட்டையான தாளில் விரிக்கும் முறையை, யூ.டி.எம்.-க்கு மாற்றுவது. கிழக்குத் தீர்க்கரேகையுடன் 180 கூட்டி 6-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, 1 கூட்டினால் உங்கள் பகுதியின் யூ.டி.எம். மண்டல எண் வரும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் வீழலிலேயே விட்டுவைத்தால் தூரம் பொய் சொல்லும்: 45 பாகை அட்சரேகையில், தாளில் ஒரு கிலோமீட்டர் என்று கணக்காகும் நீளம் தரையில் சுமார் 707 மீட்டர்தான். நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தப் பிழை கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு.

பாதைகளையும் ஓடைகளையும் குவிக்ஓஎஸ்எம் செருகுநிரல் வழியாக வடிவத் தரவாக இறக்குங்கள். உயரத்துக்கு 2000-ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து அளந்த எஸ்.ஆர்.டி.எம். தரவு உலகின் பெரும்பகுதிக்கு இலவசம். கட்டம் ஒன்று சுமார் 30 மீட்டர். கோடு வரைவதற்கு முன் அதையும் யூ.டி.எம்.-க்கு மாற்றி, க்யூபிக் என்ற மென்மையாக்கும் முறையில் மறுகட்டம் (புதிய கட்டங்களுக்கு உயரத்தைத் திரும்பக் கணக்கிடுவது) செய்யுங்கள். உயரம் முழு மீட்டராக மட்டுமே பதிவாகியிருப்பதால், இதைச் செய்யாவிட்டால் தட்டையான இடங்களில் கோடுகள் பல்பல்லாக வரும். இடைவெளி 20 மீட்டர் வையுங்கள், சரிவு குறைந்த நிலத்தில் 10. ஐந்து மீட்டர் கோடு போட மென்பொருள் மறுக்காது. தரவுக்குத்தான் அந்தத் தகுதி இல்லை. அடர்ந்த காட்டில் ரேடார் மர உச்சிகளையும் சேர்த்தே அளந்திருப்பதால், காடு முடியும் ஓரத்தில் இல்லாத சரிவு ஒன்று முளைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோட்டின் தடிமனுக்கு ஓரியன்டியரிங் (வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடிக்கும் விளையாட்டு) வரைபடங்களின் சர்வதேச விதிமுறை நல்ல வழிகாட்டி: சாதாரண உயரக் கோடு 0.14 மி.மீ., தடித்த கோடு 0.25 மி.மீ. பாதைக்கு 0.35 முதல் 0.5 வரை, கறுப்பு இடைவெட்டுக் கோடு. எழுத்து 7 பாயின்ட்டுக்குக் கீழே போகவேண்டாம். அச்சுத் தளவமைப்பில் விகிதம் 25,000, கட்டக் கோடு 1,000 மீட்டருக்கு ஒன்று. மலைநிழல் (மேடுபள்ளத்தைக் காட்டும் நிழல் அடுக்கு) சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஓர் அடுக்குக்கு ஒளிபுகும் தன்மையோ கலப்பு முறையோ கொடுத்தால், ஏற்றுமதியில் வரைபடம் முழுவதும் வெறும் படமாக மாறிவிடக்கூடும். நிழலை வெளிறிய சாம்பலாகவே தயாரித்து அடியில் வைப்பது பாதுகாப்பு. திரை பின்னாலிருந்து ஒளிர்கிறது, தாள் ஒளிராது. திரையில் அளவாகத் தெரியும் காட்டுப் பச்சை, தாளில் உயரக் கோட்டை விழுங்கிவிடும். பச்சையை இருக்கவேண்டும் என்று தோன்றும் அளவில் பாதியாக்குங்கள்.

எந்த வழியானாலும் மூலையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்ற உரிமைக் குறிப்பு இருக்கட்டும். உரிமம் கேட்பது அது. கூடவே காந்த விலக்கமும் (திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வேறுபாடு), எந்த ஆண்டுக்கான விலக்கம் என்பதும்.

1:25,000 எதிர் 1:50,000

இங்கே யோசிக்க அதிகமில்லை. சுற்றிலும் 1 செ.மீ. ஓரம் விட்ட ஏ4, 1:25,000-இல் 4.75-க்கு 6.9 கி.மீ. நிலத்தைக் கொள்ளும், 1:50,000-இல் 9.5-க்கு 13.8. நடப்பதற்கு முதலாவது. இரண்டாவதை முழு நாளின் போக்கையும் ஒரே பார்வையில் பார்க்க ஒரு தாள் எடுத்துவைக்கலாம். பல தாள்களாகப் பிரிக்கும்போது 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியவிடுங்கள். பாதைப் பிரிவு தாளின் ஓரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்க்ஜெட் எதிர் லேசர்

மெல்லிய பழுப்புக் கோட்டுக்கு இங்க்ஜெட். மழைக்கு லேசர். ஏன் என்பதுதான் சுவாரசியம்.

இரண்டு வகைக்கும் பழுப்பு என்று தனி மை கிடையாது. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளைக் கலந்துதான் அது உருவாகிறது. வண்ண லேசர் வெளிறிய நிறங்களைப் புள்ளிக் கட்டமாகப் போடுகிறது, 0.14 மி.மீ. கோடு அந்தக் கட்டத்தின் சந்தில் சிக்கி விட்டுவிட்டு வரும். நான்கு டோனர்களும் இம்மி விலகிப் பதிந்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் வண்ண நிழல் விழும். இங்க்ஜெட்டின் துளிகள் நுண்ணியவை என்பதால் இதே கோடு தொடர்ச்சியாகத் தெரியும். லேசரில் அச்சிடுபவர்கள் உயரக் கோட்டை இன்னும் அடர்ந்த பழுப்பாக்கி, 0.18 மி.மீ. வரை தடிமனாக்கினால் இடைவெளிகள் அடைபடும். கறுப்பு வெள்ளை லேசரில் சாம்பலைத் தொடவே வேண்டாம், அதுவும் புள்ளிகள்தான். உயரக் கோடு முழுக் கறுப்பில் 0.1, பாதை தடித்த இடைவெட்டில் 0.5 என்று தடிமனால் மட்டும் பிரித்துக் காட்டுங்கள். வண்ணப் படத்தை அப்படியே அதில் போட்டால் சிவப்புப் பாதையும் பச்சை எல்லையும் ஒரே சாம்பலாகி வழி தவறவைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் லேசர் வெல்லும். டோனர் என்பது சூட்டில் உருகித் தாளில் ஒட்டும் பிளாஸ்டிக் தூள், நனைந்தாலும் ஓடாது. இங்க்ஜெட்டில் சாய மை ஒரு சாரலிலேயே கரையும், நிறமி மை தாங்கும். வீட்டு இங்க்ஜெட் பலவற்றில் கறுப்பு மட்டும் நிறமி, வண்ணங்கள் சாயம். எழுத்து நிற்கும், ஓடையும் காடும் கரைந்து கலக்கும். வாங்கும்முன் மைப்புட்டியின் விவரத்தைப் படியுங்கள். டோனருக்கும் ஒரு பலவீனம் உண்டு: மடித்த இடத்தில் உதிரும்.

எந்த பிரிண்டரானாலும் அச்சுப் பெட்டியில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட்டு "உண்மை அளவு" அல்லது 100 சதவீதம் தேர்ந்தெடுங்கள். மூன்று சதவீதம் சுருங்கினால் 1:25,000-இல் 4 செ.மீ. வரவேண்டிய கிலோமீட்டர் 3.88 ஆகும், பத்து கிலோமீட்டர் வழியில் 300 மீட்டர் பிசகு. அச்சானதும் கட்டக் கோட்டை அளவுகோலால் அளந்துபாருங்கள். படத்திலேயே தூரக் கோல் ஒன்று வரைந்திருந்தால் அது படத்தோடு சேர்ந்தே சுருங்கும், ஆகவே ஏமாற்றாது.

தாள்

80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) சாதாரணத் தாளில் இங்க்ஜெட் மை இழைகளில் பரவி, மெல்லிய கோடு தடிக்கும். 100 முதல் 120 ஜி.எஸ்.எம். பூச்சுள்ள மேட் தாள் இதை அடக்கும். பளபளப்புத் தாள் வேண்டாம். வெயிலில் படமே தெரியாது.

நனையாத செயற்கைத் தாள் வாங்கும்போது உறையைக் கட்டாயம் படியுங்கள். லேசருக்கு பாலியஸ்டர். பாலிப்ரொப்பிலீன் தாளை லேசரில் விட்டால் சூடேற்றும் உருளையில் உருகிச் சுற்றிக்கொள்ளும். தாளோடு பிரிண்டரும் போகும். இங்க்ஜெட்டுக்கு மை உறிஞ்சும் பூச்சு போட்ட வகைதான். பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் மை காயாமல் விரலோடு வரும். மழைக் காட்டுக்கு லேசரும் பாலியஸ்டரும் சேர்ந்த இணைக்கு நிகரில்லை என்பதே எங்கள் தீர்ப்பு.

லேமினேஷன் அதற்குக் கீழேதான். விறைத்து நிற்கும், வெயிலில் மின்னும், மடித்த இடத்தில் வெடித்து அங்கிருந்தே தண்ணீர் ஏறும். செய்வதென்றால் மெல்லிய 80 மைக்ரான் உறை எடுத்து, ஓரத்தில் 5 மி.மீ. வெற்றுப் படலம் விட்டு வெட்டுங்கள். இங்க்ஜெட் படமானால் ஒரு நாள் காயவிட்ட பிறகே உள்ளே தள்ளுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் குமிழ் கட்டும்.

சாதாரணத் தாளும் ஜிப் உறையும் குறைந்த செலவில் நெடுநாள் ஓடும் ஏற்பாடு. அச்சுப் பக்கம் வெளியே வரும்படி ஒரே மடிப்பாக மடித்து வைத்தால் உறையைத் திருப்பினாலே மறுபாதி தெரியும், மழையில் திறக்கவேண்டியதில்லை. இருட்டில் நடப்பவர்கள் கிளம்பும்முன் அந்த உறைக்கு மேலேயே தலைவிளக்கை அடித்துப் பார்க்கவேண்டும்: சிவப்பு ஒளியில் பழுப்புக் கோடுகள் வெள்ளைத் தாளில் கரைந்து காணாமல் போகும். இரவுத் தாளுக்கு உயரக் கோட்டைக் கறுப்பிலோ கருநீலத்திலோ மாற்றி இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.